பொங்கல் விழாப் பணத்தில் பாதியைத் தெருவுக்குக் கொடுங்கள்

மும்பைத் தமிழ் அமைப்புகளில் பொறுப்பில் இருப்பவர்கள் பலர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். இது உங்களுக்காக எழுதுவது.

ஜனவரி விழாவுக்கான பேச்சு தொடங்கியிருக்கும். சென்னையிலிருந்து ஒரு பட்டிமன்றக் குழு, டிவியில் முகம் தெரிந்த ஒரு நகைச்சுவைக் கலைஞர், விமான டிக்கெட், ஓட்டல் அறை, அரங்க வாடகை, சால்வை, நினைவுப் பரிசு. இவற்றுக்கு நான் எதிரி கிடையாது. சண்முகானந்தா அரங்கில் நம் ஆட்கள் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கிருந்து நடந்தே தாராவிக்குப் போய்விடலாம். 90 அடி சாலையைச் சுற்றி இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் அந்த அரங்குக்குள் காலெடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்? விழா நேரம் அவர்களுக்குத் தண்ணீர் பிடிக்கிற நேரம், அல்லது மறுநாள் இட்லிக்கு மாவு அரைக்கிற நேரம். அழைப்பிதழே அவர்கள் கைக்குப் போவதில்லை.

அந்தப் பணத்தில் பாதியைத் தெருவில் செலவழியுங்கள் என்று கேட்கிறேன். தெருக்காரர்களே எழுதி, அவர்களே நடித்து, அவர்களே பாடுகிற நிகழ்ச்சிகளுக்கு.

சிரிப்பு நிகழ்ச்சி எதற்கு, நல்ல விழிப்புணர்வுக் கூட்டம் போடலாமே என்பார்கள் சிலர். காசநோயையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துச் சால்களில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்புகளில், இந்த நோய் வந்தால் முதல் வேலை அதை மறைப்பதுதான். வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீடென்றால் வரன் தட்டிப்போகும் என்ற பயம். வீட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் வேலை போய்விடும் என்ற பயம். குறைந்தது ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இருமல் அடங்கிவிட்டதே என்று பாதியில் விட்டால் மருந்துக்கே கட்டுப்படாத காசநோயாக மாறிவிடலாம். இதையெல்லாம் மைக் பிடித்துச் சொன்ன கூட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன். முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏற்கெனவே எல்லாம் தெரிந்த மகளிர் குழுப் பெண்கள். மறைக்கிற வீட்டுக்காரர் மட்டும் வரவே மாட்டார். வந்தால், "ஏன் வந்தா? அவ வீட்ல யாருக்காவது இருக்கா?" என்று பேச்சு கிளம்பிவிடும்.

நாடகத்துக்கு வருவதில் அந்த ஆபத்து கிடையாது. சிரிக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கலை நிகழ்ச்சியின் மிகப் பெரிய பலமாக நான் நினைப்பது இதைத்தான்.

எங்கள் தெருப் பெண்கள் ஒருமுறை ஒரு குறுநாடகம் போட்டார்கள். அதில் மாமியார் தன் காசநோய் மாத்திரையைக் கடுகு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருப்பார். மருமகள் தாளிக்கப் போகும்போதெல்லாம் ஓடி வந்து, "நீ தள்ளு தாயி, நானே தாளிக்கிறேன்" என்பார். அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காத மாமியாருக்கு இத்தனை பாசம் எங்கிருந்து வந்தது என்று மருமகள் திகைத்து நிற்க, தெருவே சிரித்தது. அந்தக் கடுகு டப்பா வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கிற எந்த வசனகர்த்தாவுக்கும் தோன்றியிருக்காது. ஒத்திகையில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தபோது தானாக வந்து விழுந்தது. எல்லாம் முடிந்து ஜமக்காளம் மடிக்கும்போது ஒருவர் என்னிடம் வந்து, "மாசம் ஆயிரம் ரூபா தர்றாங்களாமே, அது எப்படி வாங்குறது?" என்று மெல்லக் கேட்டார். நோயாளியின் சத்துணவுக்கு ஒன்றிய அரசு தருகிற பணம் அது. 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கே போய்ப் பதிய வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன்.

வெளியாட்கள் வந்து காட்டிவிட்டுப் போகிற நிகழ்ச்சியில் இது நடக்காது. அதற்கு மாறாக, 2015-இல் தாராவியில் ஒரு கலைத் திருவிழா நடந்தது நினைவிருக்கும். தாய்-சேய் நலத்துக்காக இங்கே நெடுநாளாக வேலை செய்யும் ஸ்னேஹா அமைப்பு நடத்திய தாராவி பினாலே. விழா நாளுக்கு வெகு முன்பிருந்தே கலைஞர்களும் தாராவிக்காரர்களும் பட்டறைகளில் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். வீட்டுக்குள் படுகிற அடி உதையைப் பெண்கள் துணியில் தைத்துக் காட்டினார்கள். அந்த உழைப்பு இல்லாமல் ஒரு வேன் நிறைய ஓவியங்களைக் கொண்டுவந்து மாட்டியிருந்தால் நம் ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? தாராவித் தமிழர்களில் பெரும் பகுதியினர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். ஊரில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள். வில், வீசுகோல், உடுக்கை, குடம், ஜால்ரா போதும். மேடை வேண்டாம், விளக்கு அலங்காரம் வேண்டாம். வில்லுப்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தவர் முன்னால் உட்கார்ந்து கதை சொல்பவர்கூட இல்லை, பின்பாட்டுக்காரர்தான். "ஆமா" போட்டுக்கொண்டே வருவார், திடீரென்று குறுக்கே புகுந்து, "அதெப்படி அண்ணாவி, நேத்து வேற மாதிரி சொன்னீங்களே?" என்பார். கூட்டத்தின் மனதில் இருக்கிற சந்தேகத்தை அவர் கேட்டுவிடுகிறார். காந்தி கதையையே என்.எஸ். கிருஷ்ணன் இந்த வடிவத்தில் பாடினார். சுப்பு ஆறுமுகம் 2022-இல் காலமாகும் வரை எத்தனையோ சமகால விஷயங்களை வில்லில் ஏற்றினார். அவரும் நெல்லைக்காரர்தான்.

இப்போது தாராவியில் எல்லார் வாயிலும் இருக்கிற விஷயம் மறுசீரமைப்பு, அதாவது பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புது வீடு கட்டித் தரும் திட்டம். 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1-க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதற்கு இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். மேல்மாடிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரே வீட்டில் கீழே அண்ணன், மேலே தம்பி என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிற அறிவிப்பைப் படித்து எங்கள் பாட்டிகளுக்கு விளக்க யாரும் இல்லை. இதை ஒரு வில்லுப்பாட்டுக் குழு எடுத்துக்கொண்டு, பின்பாட்டுக்காரர் ஒவ்வொரு விதிக்கும் குறுக்குக் கேள்வி போட்டால், அரை மணி நேரத்தில் எந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. விவரம் தெரிந்து முடிவெடுக்கட்டும்.

மராத்திக்கார அண்டை வீட்டாருக்கும் இது புதிதில்லை. மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே 1944-இல் அமர் ஷேக், கவான்கருடன் சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். தமாஷா என்ற நாட்டுப்புற நாடகம், போவாடா என்ற கதைப்பாட்டு என்று மக்களுக்குத் தெரிந்த வடிவங்களில்தான் அவர்கள் தொழிலாளர் பிரச்சினையைப் பேசினார்கள். நம் தெருவில் தமிழ் மட்டும் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர்கள், கோலிவாடாவில் மீனவர்கள், இந்தி பேசுகிற தையல்காரர்கள் எல்லாரும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஒரே ராப் பாட்டில் தமிழ், இந்தி, மராத்தி மூன்றையும் கலந்து பாடுகிறார்கள். அவர்களையும் மேடைக்கு அழையுங்கள்.

அப்புறம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். 1960-இல் பால் தாக்கரே தொடங்கிய மார்மிக் என்ற மராத்தி வார இதழ், கார்ட்டூன்களுக்கு நடுவே, அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியலைப் போட்டு வந்தது. வேட்டியையும் லுங்கியையும் கேலி செய்த கோஷங்கள் தெருவுக்கு வந்தபோது அடி வாங்கியது நம் முந்தைய தலைமுறை. கேலி எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியும். அப்படியிருக்க, நம் விழா மேடைகளில் பீகார்க்காரரின் பேச்சையும், கறுப்பான பெண்ணையும், திருநங்கைகளையும் காட்டிச் சிரிக்க வைக்கிற குழுக்களை இன்னமும் ஏன் அழைக்கிறோம்? அந்தச் சிரிப்பில் கூட்டத்தில் ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அடுத்த முறை அவர் வர மாட்டார். ஒப்பந்தம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

நடைமுறை விஷயங்களும் உண்டு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, ஆகவே ஏழு மணிக்காவது தொடங்க வேண்டும். தண்ணீர் எந்தச் சந்துக்கு எப்போது வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். நடிக்கிற பெண்களுக்குக் காசு கொடுங்கள். சென்னையிலிருந்து வருபவருக்குக் கவர் கொடுக்கிற நாம், ஒத்திகைக்காக அரை நாள் கூலியை விட்டு வருகிற அக்காவுக்கு ஒரு சால்வையோடு முடித்துக்கொள்வது நியாயமே இல்லை.

இந்தப் பொங்கலுக்குத் தொண்ணூறு அடி சாலையில் பெண்கள் பானை வைக்கிற நாளன்று சாயங்காலமே ஒரு வில்லுப்பாட்டு வைக்கலாம் என்று சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். உடுக்கை அடிக்கத் தெரிந்தவர், குடம் அடிக்கத் தெரிந்தவர் யாரேனும் மும்பையில் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்றாலும் பரவாயில்லை, கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். அமைப்புகளில் இருப்பவர்கள், உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டம் எப்போது என்று சொன்னால் நாங்களே நேரில் வந்து பேசுகிறோம்.