ஞாயிற்றுக்கிழமை ரொட்டி

ஜெர்மனியின் மியூனிக்கில் நான் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. பெட்டியை அறையில் போட்டுவிட்டு, ரொட்டியும் பாலும் வாங்கலாம் என்று கீழே வந்தால் தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. மணி எட்டரைதான். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இரவு 8 மணிக்குக் கடைகளை மூடிவிட வேண்டும் என்பது சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் அதைவிட மோசம். சூப்பர் மார்க்கெட்டின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விளக்குகூட இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் நான் கதவை இழுத்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஞாயிறு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல நடந்துவிட்டார். கடைசியில் ரயில் நிலையத்துக்குள் இருந்த கடையில், என்னைப்போல் ஏமாந்த பத்துப் பதினைந்து பேருடன் வரிசையில் நின்று ஒரு ரொட்டி வாங்கினேன். பயணிகளுக்காக அங்கே மட்டும் விலக்கு.

காசு கையில் இருந்தும் விற்க ஆளில்லாத ஊரா என்று அன்று வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. மூன்று மாதம் அங்கே வேலை பார்த்த பிறகுதான் அந்தப் பூட்டிய கதவின் அர்த்தம் புரிந்தது. ஞாயிறும் பண்டிகை நாள்களும் ஓய்வுக்கானவை என்று 1919-இல் வைமர் அரசியல் சட்டம் என்கிற ஜெர்மனியின் அன்றைய அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1949-இல் புது அரசியல் சட்டம் எழுதியபோதும் அதைக் கைவிடவில்லை. கல்லாவில் உட்காரும் பெண்ணுக்கும் ஞாயிறு உண்டு என்று நாடே ஒப்புக்கொண்டிருக்கிறது. எனக்கு ரொட்டி கிடைக்காததுதான் அவருடைய விடுமுறை.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் மாலை ஐந்து மணிக்குக் கணினியை மூடும்போது "ஃபையராபெண்ட்" என்பார். அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். பிரித்துப் பார்த்தால் 'விழா மாலை' என்கிற மாதிரி வருகிறது. தினமும் விழாவா என்று கேலி செய்திருக்கிறேன். ஆனால் அந்த ஐந்து மணிவரை அந்த மனிதர் வேலை செய்யும் வேகம் எனக்கு வராது. அரட்டை கிடையாது, நடுநடுவே போனை எடுத்துப் பார்ப்பதும் கிடையாது. நான் பத்து மணி நேரம் உட்கார்ந்து செய்ததில் எத்தனை மணி நேரம் உண்மையான வேலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே சொல்லப் போவதில்லை.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது இன்னொன்று. அவர் இரண்டு வாரம் லீவில் போனார். போன இடத்தில் நான்கு நாள் காய்ச்சல். திரும்பி வந்ததும் மருத்துவர் சான்றிதழைக் கொடுத்தார். அந்த நான்கு நாள் லீவு திரும்ப அவர் கணக்கில் ஏறிவிட்டது! காய்ச்சலில் படுத்திருப்பது ஓய்வாகாது என்று 1963-இல் வந்த விடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறதாம். நானெல்லாம் காய்ச்சலிலும் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தவன்.

இதற்காக வெளிநாடு என்றாலே சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். அப்புறம் ஒருமுறை டோக்கியோவுக்கு இரண்டு வாரம் அனுப்பினார்கள். கடைசி ரயிலில் கோட்டு சூட்டோடு நின்றுகொண்டே தூங்குகிறவர்களைப் பார்த்தேன். லீவு முடிந்து வந்த ஒருவர் எல்லா மேஜைக்கும் ஒவ்வொரு இனிப்பாக வைத்துக்கொண்டே போனார். அது அங்கே வழக்கம்தான். எனக்கென்னவோ லீவு எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. உரிமை இருந்தும் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதால், 2019 ஏப்ரல் முதல், பத்து நாளாவது லீவு உள்ள ஊழியரை வருடத்தில் ஐந்து நாளாவது எடுக்க வைப்பது முதலாளியின் கடமை என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

வொர்க் லைஃப் பேலன்ஸ் என்றால் நாம் உடனே காலையில் சீக்கிரம் எழு, தியானம் செய், போனைத் தூர வை என்று ஆரம்பித்துவிடுகிறோம். எல்லாம் தனி ஆளின் தலையில்தான் விடிகிறது. எனக்குக் கட்டுப்பாடு போதாது என்று நானும் பல வருடம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கூப்பிடுகிறவர் கூப்பிடுவதை நிறுத்தாமல், எடுக்கிறவர் மட்டும் எத்தனை நாள் எடுக்காமல் இருக்க முடியும்?

இதையெல்லாம் பேசிக்கொண்டு ஊர் திரும்பினேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மறந்துபோவதற்குள் சொல்லிவிடுவோம் என்று என் குழுவில் இருக்கும் இளைஞன் ஒருவனுக்கு ஒரு செய்தி போட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "சரி சார், இப்பவே பார்க்கிறேன்."

மணி 10:40. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்தது தொடங்க நடுவில் 11 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது ஜெர்மனியில் சட்டம். அவன் காலை ஒன்பதுக்கு வந்துவிடுவான். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினொன்று வரவில்லை.