ஒராங்குட்டான் குட்டியைத் தூக்கிக் கொஞ்சவா போகிறோம்?

"போர்னியோ காட்டுக்குத் தன்னார்வலராகப் போனால் ஒராங்குட்டான் குட்டிகளைத் தினமும் தூக்கி வைத்துக் கொஞ்சலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. ஒழுங்காக நடக்கும் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் எதுவும் அதற்கு இடம் கொடுக்காது.

காரணம், ஒராங்குட்டான் போன்ற மனிதக் குரங்குகள் நமக்கு நெருங்கிய உறவு. நமக்கு வெறும் சளியாக வருவது அவற்றுக்கு உயிர்க்கொல்லியாகலாம். காசநோயும் தொற்றும். அதனால்தான் குறைந்தது 7 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வழிகாட்டி. அப்புறம், குட்டி தாயுடன் ஆறேழு வருடம் இருந்துதான் மரமேறவும் கூடு கட்டவும் பழம் தேடவும் கற்கும். தாயை இழந்த குட்டிக்கு அதையெல்லாம் மையம்தான் பழக்க வேண்டும். வாரத்துக்கொரு புது ஆள் வந்து மடியில் வைத்துக்கொண்டால், மனிதரைத் தேடி வரும் பழக்கம்தான் மிஞ்சும். காட்டில் அந்தப் பழக்கம் ஆபத்து.

போர்னியோவின் மலேசியப் பகுதியான சபாவில் 1964 முதல் இயங்கும் செபிலோக் மறுவாழ்வு மையத்திலும் பார்வையாளர்கள் தொடக் கூடாது. தன்னார்வலருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பழம் நறுக்குவது, கூண்டு கழுவுவது, நாற்று நடுவது. சரி, படம் எடுக்க அழகாக இருக்காதுதான்.

கையில் குட்டியோடு விளம்பரம் செய்யும் இடமென்றால் பணம் கட்டாதீர்கள்.