ஜீப்பைத் திருப்பிய அந்த டிரைவருக்காக

காட்டில் ஜீப் சஃபாரி போனவர்கள் எடுத்த அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு எங்கள் வேளச்சேரிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிட்டது. "சஃபாரிக் கொள்ளை" என்று தலைப்பு. கீழே வரிசையாகக் கைதட்டல். இனி முடியாது.

எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் யானைக்கூட்டம். பின் இருக்கையிலிருந்து நம் சென்னைக் குரல் ஒன்று இன்னும் கிட்டே போகச் சொல்கிறது. டிரைவர் என்ஜினை அணைக்கிறார், கொஞ்ச நேரம் பார்க்கிறார், பிறகு வண்டியைப் பின்னால் எடுத்துவிடுகிறார். நடந்தது இவ்வளவுதான். அதன்பின் நான்கு நிமிடம் அந்த மனிதர் வாங்குகிற திட்டு இருக்கிறதே! பயந்தாங்கொள்ளியாம், ஏமாற்றுக்காரனாம், பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டுகிறார்.

அவர் செய்தது சரி. திரும்பவும் சொல்கிறேன், முழுக்கச் சரி. அந்தக் கூட்டத்தில் கன்று இருந்தது. வீடியோ எடுத்தவருக்கே அது தெரியவில்லை. பெரிய யானைகளின் கால்களுக்கு நடுவே வால் மட்டும் ஒரு நொடி தெரிகிறது, நிறுத்திப் பாருங்கள். 22 மாதம் சுமந்து பெற்ற கன்று. மூன்று டன் எடையுள்ள தாய்க்கும் அதற்கும் குறுக்கே ஜீப்பை விடச் சொல்கிறீர்கள், செல்ஃபி சரியாக விழவில்லை என்பதற்காக.

"காசு கொடுத்தவன் கேட்கக் கூடாதா?" என்பீர்கள். கேளுங்கள். இருக்கை கிழிந்திருந்தால் கேளுங்கள், வண்டி தாமதமாக வந்தால் கேளுங்கள். ஆனால் ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்கிற பிராணி, தீனியும் தண்ணீரும் இருக்கிற பக்கம் போய்க்கொண்டே இருக்கும். புல் வளர வேண்டிய இடத்தையெல்லாம் உண்ணிச்செடி என்கிற அந்நியக் களைச்செடி பிடித்துக்கொண்டால், இன்னும் தள்ளிப் போகும். காலை ஆறரை மணிக்கு நீங்கள் வருவீர்கள் என்று அதற்கு யார் தகவல் சொல்வது? நீங்கள் சொன்ன இடத்தில் விலங்கு நிற்க வேண்டுமென்றால் வண்டலூர் மிருகக்காட்சிசாலை பக்கத்தில்தான் இருக்கிறது.

"சஃபாரியே தப்பு, நீ மட்டும் எதற்குப் போனாய்?" என்று சிலர் வருவார்கள். இருக்கலாம். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

ஆம், நானும் போயிருக்கிறேன். 2016 டிசம்பரில், அப்பாவையும் மனைவி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முதுமலைக்கு. நீலகிரி எக்ஸ்பிரஸ், மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர், தெப்பக்காடு என்று ஒன்றரை நாள் பயணம். ஜீப்பில் அப்பா முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் புள்ளிமானும் மயிலும்தான். பிறகு ஒரு வளைவில், இருபதடி தூரத்தில், தனியாக ஒரு பெண் யானை. தும்பிக்கையால் புல்லைச் சுருட்டியது, முன்னங்காலால் வேரை எத்தியது, மண் போக முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி வாயில் வைத்தது. அம்மா கீரைக்கட்டை உதறுவதைப் போலவே இருந்தது. என்ஜின் அணைந்த ஜீப்பில் அந்தத் தட்டல் சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

திடீரென்று அதன் காது விசிறுவது நின்றது. டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "விசிறுகிற வரைக்கும் பயமில்லை சார். நின்றுவிட்டால் நம்மைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது." சாவியைத் திருப்பினார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இன்னும் பத்தடி போங்களேன்." அந்த வீடியோவில் கேட்கிற குரல் என்னுடையதாகவும் இருந்திருக்கும். அப்பாதான் திரும்பினார். "டேய், ஓட்டுகிறவர் சொல்கிறார் இல்லையா, வாயை மூடு." நாற்பது வயதுக்காரனை, மனைவி பிள்ளைகள் எதிரில். ஜீப் பின்வாங்கி வளைவைத் தாண்டும்போது, நாங்கள் நின்றிருந்த இடத்தில் புதர் முறிகிற சத்தம். யானை பாதைக்கே வந்துவிட்டது. கேமராவில் எனக்குக் கிடைத்தது ஒரு புழுதிப் படம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், என் அப்பா பல்லவன் பஸ் டிரைவராக இருந்தவர். 29சி, பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர். நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தவில்லை என்று அவரை அவமானப்படுத்தாத நாள் கிடையாது. படித்தவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். ஸ்டியரிங் பிடித்தவன் என்றால் இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லலாம். ஆட்டோக்காரர் என்றால் திருடர், கால்டாக்ஸிக்காரர் என்றால் ஒரு நட்சத்திரம், சாப்பாடு கொண்டுவருகிற பையன் என்றால் லிஃப்ட் கிடையாது. இப்போது காட்டுக்குள்ளும் அதே நாக்கோடு போய் இறங்கியிருக்கிறோம்.

சும்மா யானைப் பதிவில் டிரைவர் கதையா என்று கேட்பவர்களே, இரண்டும் ஒன்றுதான். காசு கொடுத்துவிட்டால் எதிரில் இருப்பது மனிதனா மிருகமா என்று பார்க்காத புத்தி. 2021 ஜனவரியில் முதுமலையை ஒட்டிய மசினகுடியில் ஒரு யானைமீது எரியும் டயரை வீசினார்களே, அந்த யானை இறந்தும் போனதே, அன்று இதே குழுவில் அழுகைப் பொம்மை போட்டவர்கள்தான் இன்று கைதட்டுகிறார்கள்.

சரி, கோபத்தில் அதிகம் எழுதிவிட்டேன். உண்மையில் எனக்கு வலித்தது வேறு. அந்த வீடியோவைச் சிரிப்புக் குறி போட்டுப் பகிர்ந்தவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். பள்ளி விடுமுறையில் உன் பெரியப்பாவின் பஸ்ஸில், என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அடையாறு வரைக்கும் வருவாயே. ஒருநாள் ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தபோது நீதான் முதலில் அழுதாய். நான் மறக்கவில்லை.