சுமை என்று முடிவுகட்டும் முன்

குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை வெறும் சுமை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. லாஸ் ஏஞ்சல்ஸில் உளவியலாளர் ஆண்ட்ரூ ஃபுலிக்னி குழு, அன்றன்று வீட்டுக்குச் செய்த உதவி, மனநிலை பற்றிப் பதின்வயதினரிடம் 14 நாள் தினக்குறிப்பு வாங்கியது. இரவில் தாளை நிரப்பி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் நேரமுத்திரை குத்தவேண்டும். இல்லையென்றால் பதினாலையும் கடைசி நாளில் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள் (எந்த ஊர்ப் பிள்ளையும் அப்படித்தான்).

தம்பியைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது போன்ற உதவிகளால் மனஉளைச்சல் கூடவில்லை. 'நம் கடமையைச் செய்தோம்' என்ற நிறைவால் மகிழ்ச்சியே கூடியது என்றது 2009 ஆய்வு. ஆனால் அதே ஆண்டு இன்னொரு ஆய்வில், அடிக்கடி உதவியவர்களின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் அதிகம். அந்த நிறைவு இருந்தவர்களிடம் அது குறைவு. ஆக, எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் கேட்கும் கேள்வித்தாள் போதாது.