குடிக்காமல் இருப்பது துறவறமா?

மதுவைத் தொடாமல் வாழ்கிறவர் என்று ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதும், எதையோ இழந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நாட்களை ஓட்டுகிறாரே என்கிற இரக்கம் பலருக்கு எழுகிறது. அந்த இரக்கம் இடம் மாறி விழுகிறது என்பது என் எண்ணம். குடிப்பவர் கோப்பையில் தேடுகிற உறக்கமும் நிம்மதியும் குடிக்காதவருக்குத்தான் குறைவின்றிக் கிடைக்கின்றன.

உறக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் உள்ளே போனால்தான் தூக்கம் வருகிறது என்பவர் பொய் சொல்லவில்லை. மது விரைவில் கண்ணயரச் செய்வது உண்மைதான். ஆனால் இரவின் முற்பகுதியில், கனவுகள் மிகுதியாக வரும் உறக்கநிலையை அது ஒடுக்கிவிடுகிறது. பிறகு, கல்லீரல் அதைச் சிதைத்து முடிக்கிற பின்னிரவில், உறக்கம் துண்டு துண்டாகக் கலைகிறது. நா வறண்டு, நெஞ்சு படபடக்க, மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு புரள்கிறவர் பழியை வேலைச்சுமையின் மேல் போட்டுவிட்டு, மறுநாள் மாலை அந்தக் களைப்புக்கும் சேர்த்தே ஊற்றிக்கொள்கிறார்.

மனப்பதற்றத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். மூளையில் அமைதிக்குரிய காபா என்னும் வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. கிளர்ச்சிக்குரிய குளுட்டமேட்டின் வேலையை அடக்குகிறது. நாள்தோறும் இது நடக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. சமநிலைக்காக, அமைதியின் பக்கத்தைக் குறைத்தும் கிளர்ச்சியின் பக்கத்தைக் கூட்டியும் தன்னைத் திருத்தியமைத்துக்கொள்கிறது. போதை இறங்கியதும் மிஞ்சுவது காரணம் புரியாத எரிச்சலும் நடுக்கமும். மறுபடி குடித்தால் அவை தணிகின்றன. ஆகவே மதுதான் தனக்கு நிம்மதி தருகிறது என்று குடிப்பவர் உறுதியாக நம்பிவிடுகிறார். வாங்கிய கடனின் வட்டியைக் கட்ட அதே கடன்காரரிடம் மேலும் கடன் வாங்குகிற கணக்கு இது. இந்தச் சுற்றுக்கு வெளியே நிற்பதைத்தான், குடிக்காத வாழ்க்கையின் மிகப்பெரிய ஆதாயமாக நான் கருதுகிறேன். மாலை ஏழு மணி குடிக்காதவருக்கு வெறும் ஏழு மணியாகவே இருக்கிறது; அந்த நேரம் எதையும் கேட்பதில்லை.

உடல்நலக் கணக்கு பலரும் அறிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் 1988ஆம் ஆண்டிலேயே மதுபானங்களைச் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், குடல், மார்பகம் எல்லாம் அதன் பாதைக்குள் வருகின்றன. அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று இன்னும் சிலர் சொல்லிவருகிறார்கள் (பெரும்பாலும் கையில் கோப்பையோடு). பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று அதே நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது. நிறுத்தியவர்களுக்கு நல்ல செய்தியும் உண்டு: கல்லீரலில் படிந்த கொழுப்பு சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும், கூடியிருந்த இரத்த அழுத்தமும் இறங்கும். சுருங்கித் தழும்பேறிய கல்லீரல் மட்டும் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது என்பதால், காலம் கடத்துவது விலை உயர்ந்தது.

எந்த மருத்துவப் பரிசோதனையிலும் தெரியாத ஓர் ஆதாயமும் இருக்கிறது. இரவில் கொடுத்த வாக்கு காலையிலும் நினைவில் நிற்கிறவரை வீட்டார் நம்புகிறார்கள். அவர் கதவைத் திறக்கும் ஓசையை வைத்து அன்றைய மனநிலையைக் கணிக்கவேண்டிய நிலை குழந்தைகளுக்கு வருவதில்லை.

இதைப் படித்துவிட்டு நாளை முதல் தொடமாட்டேன் என்று முடிவெடுப்பவர், பல காலமாக நாள்தோறும் அதிகம் குடித்துவருபவராக இருந்தால், தனியாக அதைச் செய்ய வேண்டாம். திடீரென்று நிறுத்தும்போது, அடக்கிவைத்த கிளர்ச்சி ஒரேயடியாக எழும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதைத் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தான சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் இந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க மருந்துகள் உள்ளன. பின்னர் குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்றவையும் உள்ளன. எவ்வளவு குடிக்கிறோம் என்று மருத்துவர் கேட்கும்போது மட்டும் வெட்கப்பட்டுப் பாதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் அந்தப் பதிலைக் கொண்டுதான் முடிவு செய்கிறார்.