பாலில் ஹார்மோன் சோதனை: லேபில் எது முடியும், எது முடியாது

பால் கலப்படச் செய்தி வரும்போதெல்லாம் "ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக் கறந்ததா என்று லேபில் கொடுத்துப் பார்க்கலாமே" என்கிறார்கள். பார்க்க முடியாது. கன்று முட்டியதும் மாட்டின் மூளையிலிருந்து இறங்கிப் பாலைச் சொரிய வைப்பதும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன்தான். ஊசி மருந்தும் அதே ஒன்பது அமினோ அமிலச் சங்கிலிதான். எது உடலில் சுரந்தது, எது ஊசியில் போனது என்று வழக்கமான எந்தச் சோதனையும் பிரித்துச் சொல்லாது. இரத்தத்தில் அது சில நிமிடங்களில் சிதைந்தும் விடும். பாலைச் சோதித்து ஊசியைப் பிடிப்போம் என்பது வீண் செலவு. பிடிக்க வேண்டியது தொழுவத்தில். பால் கூட்ட, மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 12ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இருக்கிறது, சோதனைக்குப் போகிற ஆள்தான் வேண்டும்.

அதற்காக மருந்தையே முடக்குவதும் தவறு. 2018 ஏப்ரலில் தனியார் தயாரிப்பை நிறுத்தி மத்திய அரசு போட்ட உத்தரவை அதே டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு ஏற்படும் இரத்தப்போக்கை நிறுத்துவதும் இதே மருந்துதான்.

அமெரிக்காவில் 1993இல் அனுமதி பெற்ற மாட்டு வளர்ச்சி ஹார்மோன் கதை வேறு. அந்தச் செயற்கைப் புரதத்தின் முனையில் மெத்தியோனின் இருக்கும், இயற்கையானதில் அலனின். புரதத்தை நறுக்கும் டிரிப்சின் நொதியால் வெட்டி, அந்த முனைத் துண்டை மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் தேடினால் வேறுபாடு தெரியும்.

லேபில் அதிகம் சறுக்குவது புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்களின் சோதனைகள். புரோஜெஸ்டிரோன் கொழுப்போடு போகும். கறவையின் கடைசிப் பாலில் கொழுப்பு அதிகம், அதனால் அளவும் அதிகம். ஆடை கட்டிய மாதிரியை அப்படியே உறிஞ்சினால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. 40 டிகிரி வரை சூடாக்கி, குலுக்காமல் மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். கெடாமலிருக்க சோடியம் அசைடு சேர்த்தால் எலைசாவில் (ஆன்டிபாடி கொண்டு அளக்கும் சோதனை) நிறம் காட்டும் பெராக்ஸிடேஸ் நொதி முடங்கி, முடிவே புரண்டுவிடும். சினை மாட்டுப் பாலில் ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை பெரும்பாலும் சல்பேட்டாக இருக்கும். நொதி கொண்டு பிரிக்காமல் அளந்தால் குறைத்துத்தான் காட்டும்.

எலைசா சல்லடை மட்டுமே. அதில் சிக்கியதை எல்சி-எம்எஸ்/எம்எஸ்ஸில் (பொருள்களைப் பிரித்து, உடைத்து, துண்டுகளின் நிறையைப் பார்க்கும் முறை) உறுதி செய்ய வேண்டும்: புரோஜெஸ்டிரோனுக்கு 315 என்ற நிறை எண்ணிலிருந்து 97, 109 என இரண்டு துண்டுகளும் வர வேண்டும், அவற்றின் விகிதம் தர மாதிரியோடு பொருந்த வேண்டும். பாலிலுள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகை கருவியின் சிக்னலை அமுக்குவதால், டியூட்டீரியம் (கனத்த ஹைட்ரஜன்) ஏற்றிய அதே ஹார்மோனை ஒப்பீட்டுக்கான உள்தர மாதிரியாகத் தொடக்கத்திலேயே சேர்க்காத அளவை நான் ஏற்க மாட்டேன்.

"ஹார்மோன் இல்லாத பால்" என்று பாக்கெட்டில் அச்சடிப்பவர்களிடம் அறிக்கையைக் கேளுங்கள். எந்த ஹார்மோன், எந்த முறை, குறைந்தது எத்தனை நானோகிராம் வரை அளக்க முடியும் என்ற மூன்றும் அதில் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.