சந்தையைத் திறந்தார்கள், தராசை யார் பார்த்தார்கள்?

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரப் பேச்சு எங்கே தொடங்கினாலும், இலங்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திச் சந்தையைத் திறந்த 1977இல் வந்துதான் நிற்கும். அதற்கு முந்திய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராததால் வலிகாமத்துச் செம்மண்ணில் பணம் விளைந்தது என்பார் ஒருவர். அதே ஆண்டுகளில் பாணுக்காக விடியமுன் வரிசையில் நின்றதையும், கட்டுப்பாட்டை மீறிக் கொண்டுபோன அரிசியைத் தடைமுகாமில் பறிகொடுத்ததையும் நினைவூட்டுவார் மற்றவர். இரண்டும் நடந்தவைதான். ஆனால் ‘திறந்தது சரியா, பிழையா’ என்ற கேள்வியோடு நமது வாதம் முடிந்துவிடுகிறது. எந்த ஒழுங்கில் திறந்தார்கள், அதனால் இழந்தவருக்கு என்ன கிடைத்தது என்று நாம் கேட்பதில்லை. திட்டமிட்ட பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகளைப் பற்றிய ஆய்வுகளை நம்மவர்கள் படிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இலங்கை ஒருபோதும் சோவியத் ஒன்றியமாக இருந்ததில்லை. ஐந்தாண்டுத் திட்டமும் அரச கூட்டுத்தாபனங்களும் இறக்குமதி அனுமதிப்பத்திரங்களும் இருந்த காலத்திலும் மிளகாய்த் தோட்டமும் கடையும் பெரும்பாலும் தனியார் கையில்தான் இருந்தன. ஆகவே அந்த ஆய்வுகளின் முடிவுகளை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டமுடியாது, கேள்விகளைக் கொண்டுவரலாம்.

பழைய முறை ஏன் வரிசைகளைப் பெற்றெடுத்தது என்பதை ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கொர்னாய் 1980 அளவிலேயே விளக்கிவிட்டார். அதிகாரியின் சோம்பலோ களவோ அடிப்படைக் காரணமல்ல. எவ்வளவு நட்டம் வந்தாலும் அரசு ஈடுசெய்யும் என்று தெரிந்த தொழிற்சாலை, மூலப்பொருளை அளவில்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு கொடுத்தாலும் போதாது. நமது கூட்டுத்தாபனங்களின் வரவுசெலவை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சிக்கல் மாற்றத்தில்தான் இருக்கிறது. போலந்து 1990 ஜனவரி 1ஆம் திகதி, நிதியமைச்சர் பல்செரோவிச்சின் திட்டப்படி, பெரும்பாலான விலைகளை ஒரே நாளில் விடுவித்தது. ரஷ்யா 1992 ஜனவரி 2ஆம் திகதி அதே வழியில் இறங்கியது. போலந்து இரண்டு ஆண்டுச் சரிவின் பின்னர் வளரத் தொடங்கி, 1996இல் தனது 1989ஆம் ஆண்டு உற்பத்தி அளவைத் தாண்டியது. ரஷ்யாவிலோ 1992 என்ற ஒரே ஆண்டில் விலைகள் 25 மடங்குக்கு மேல் ஏறின; உத்தியோகபூர்வக் கணக்கின்படி 1998 வரையில் உற்பத்தி ஏறத்தாழ 40 வீதம் சுருங்கியது; ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 1990இல் ஏறத்தாழ 64 ஆண்டுகளாக இருந்து 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்த பிறகும் ‘இடைக்கால வலி’ என்று எழுதும் பொருளியலாளர்களின் மனத்திடத்தை நான் வியக்கிறேன்.

இதை வைத்து ‘வேகம் கெடுதி, நிதானம் நன்று’ என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. வியட்நாம் 1989இல் விலைகளை வேகமாகத்தான் விடுவித்தது. ஆனால் உற்பத்தி சரியவில்லை, அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு அதே ஆண்டில் ஏற்றுமதி நாடாக மாறியது. அங்கே பெரும்பாலானோர் வயலில் இருந்தார்கள். நிலத்தைப் பயிரிடும் உரிமை முந்திய ஆண்டுதான் குடும்பங்களின் கைக்கு வந்திருந்தது. ரஷ்யத் தொழிலாளிக்குத் தொழிற்சாலையை விட்டால் போக வேறு இடம் இருக்கவில்லை.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது சீனாவின் இரட்டை விலைமுறை. 1980களில் அங்கே ஒரு தொழிற்சாலை தனக்கு விதிக்கப்பட்ட பங்கைத் திட்ட விலைக்கு அரசிடம் கொடுக்கவேண்டும். அதற்கு மேல் உற்பத்தியானதைச் சந்தை விலைக்கு விற்கலாம். பழைய விலையை நம்பி வாழ்ந்தவரின் பங்கு குறையவில்லை, புதிதாக உழைத்தவருக்குச் சந்தை முழு விலையைக் கொடுத்தது. பொருளாதாரம் வளர வளரத் திட்டப் பங்கு தானாகவே சிறுத்துப்போனது. எவரையும் நட்டப்படுத்தாமல் இவ்வாறு சந்தைக்கு மாறலாம் என்பதை லாவ், சியென், ரோலண்ட் ஆகிய மூவரும் 2000இல் கோட்பாட்டளவில் நிறுவினார்கள். குறையும் உண்டு: திட்ட விலைக்கு வாங்கிச் சந்தை விலைக்கு விற்ற அதிகாரிகள் கொழுத்தார்கள், 1989இல் வீதிக்கு வந்த மக்களின் கோபத்தில் அதற்கும் பங்கிருந்தது. அப்படியிருந்தும், இழப்பவரை முதலிலேயே கணக்கில் எடுத்த ஏற்பாடு அது.

நமது 1977ஐ இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ரூபாயின் பெறுமதி ஏறத்தாழப் பாதியானது, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இருந்த பாதுகாப்புக் கரைந்தது. நுகர்வோருக்கு 1979இல் உணவு முத்திரை கொடுத்தார்கள்; அதன் பெறுமதி ரூபாயில் நிலையாக நின்றதால் பணவீக்கம் அதைத் தின்றது. ரஷ்யக் குடிமக்களுக்கு 1992இல் அரச நிறுவனங்களில் பங்கு வாங்கக் கொடுக்கப்பட்ட 10,000 ரூபிள் தனியார்மயப் பத்திரத்துக்கும் இதே கதிதான். கடன்பட்டு மோட்டார் பம்ப் வாங்கிய தோட்டக்காரருக்கோ, பழைய விலையில் ஒரு பங்கையாவது இன்னும் சில காலத்துக்கு விற்கலாம் என்ற வகையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. பிறகு போரும் பொருளாதாரத் தடையும் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டதால், 1977இன் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க அதிகம் பேர் மினக்கெடவில்லை.

போர் முடிந்து 2009இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது நமக்கு இரண்டாவது திறப்பு. தெற்கிலிருந்து லொறிகளும், வங்கிக் கிளைகளும், லீசிங் கம்பனிகளும் வேகமாக வந்தன. நமது பக்கத்தில் குளிர்களஞ்சியமோ பதப்படுத்தும் ஆலையோ பேரம் பேசும் பலமோ அதே வேகத்தில் வரவில்லை. விலையை விடுவித்தால் மட்டும் சந்தை உருவாகிவிடாது, ஒப்பந்தத்தையும் அளவையையும் காக்க ஆள் வேண்டும் என்பது இந்த ஆய்வுகள் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம். அதைப் பார்க்க மொஸ்கோவுக்குப் போகவேண்டியதில்லை. வடக்கின் மரக்கறிச் சந்தைகளில் கமக்காரர் 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுவந்தால் 10 கிலோவைக் ‘கழிவு’ என்று கழித்துவிட்டு 90 கிலோவுக்குக் காசு கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி எத்தனை கூட்டங்களில் எத்தனை தீர்மானங்கள் எடுத்திருப்பார்கள்! விலை அங்கே முழுச் சுதந்திரத்துடன்தான் இருக்கிறது. தராசுதான் இல்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் பொருளியலும் படிப்பிக்கிறார்கள். 1977இல் முப்பது வயதில் மிளகாய் நட்டவர் இன்று எண்பதை எட்டிக்கொண்டிருக்கிறார்; கூட்டுறவுச் சங்கங்களின் பழைய பேரேடுகளில் போருக்குத் தப்பியவை எங்கோ ஓர் அலுமாரியில் கிடக்கலாம். இறுதியாண்டு மாணவர்கள் பெரிய கோட்பாடு எதையும் நிறுவவேண்டாம். ஓர் அந்தர் (ஏறத்தாழ 50 கிலோ) செத்தல் மிளகாய் 1976இல் என்ன விலைக்குப் போனது, 1979இல் என்ன விலைக்குப் போனது, இடையில் விழுந்த துண்டை எந்தக் குடும்பம் எதை விற்று அடைத்தது என்று ஊர் ஊராகப் போய் முதலில் எழுதி எடுக்கட்டும்.